வடதுருவ வெளிச்சமும் அட்சய திருதியையும்

(சென்னை தியாகராய நகரில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றையக் கூட்டத்தில் நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட தோழர்கள், வடதுருவத்து வெளிச்சத்தைப் போட்டோப் பிடிப்பது என்கின்ற விஷயத்தைக் குறித்துக் கொடுத்திருக்கின்றார்கள். ரங்கநாதன் தெருவுக்கும் பாண்டி பஜாருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, பனி உறையும் தேசத்து வெளிச்சத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் அந்த வெளிச்சத்துக்கும் இந்த ஊருக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கின்றது. அதைச் சொல்லும்போது நாம் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருக்கின்றது. பிறருடைய மடமையைப் பற்றியே மேடைகளில் பேசிப் பழகிய நமக்கு, நம்முடையதைச் சொல்லுவது கொஞ்சம் கஷ்டந்தான். என்றாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

2024-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி வெள்ளிக்கிழமை. அன்று அட்சய திருதியை. அன்று ஒரு குண்டுமணித் தங்கமாவது வாங்கினால் வருஷமெல்லாம் பெருகும் என்று சொல்லப்படுவதால், உஸ்மான் ரோட்டில் நகைக்கடைகளின் வாசலில் காலையிலிருந்தே கூட்டம். நாமும் இரண்டு தோழர்களும் அந்த வழியாக நடந்துபோனோம். தங்கம் வாங்குவது தப்பு என்று நாம் சொல்ல வரவில்லை. கையில் பணமிருப்பவர் எந்த நாளிலும் வாங்கிக்கொள்ளட்டும். ஆனால் கடன் வாங்கியாவது இந்த நாளில் வாங்கவேண்டும் என்று நிற்கின்றார்களே, ஒரு பஞ்சாங்கத்து வரிக்கு இவ்வளவு அதிகாரமா என்று பேசிச் சிரித்துக்கொண்டு போனோம்.

அதே நாள் இரவு, நம் கடிகாரப்படி சுமார் பத்தரை மணிக்கு, சூரியனிலிருந்து புறப்பட்ட ஒரு பெரும் புயல் பூமியை வந்து தாக்கியது. 2003-ம் வருஷத்துக்குப் பிறகு அவ்வளவு பலமான புயல் பூமிக்கு வந்ததில்லை. கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் நம்மவர்கள்கூட வீட்டு வாசலில் நின்றுகொண்டு, பச்சையும் சிவப்புமாய் ஆகாயம் அசைவதைப் பார்த்தார்கள். தங்கம் வாங்க நல்ல வேளை எது என்று நிமிஷக் கணக்காய் அச்சடித்த எந்தப் பஞ்சாங்கத்திலும் இந்தப் புயலைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனால் சூரியனைக் கருவி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், முந்தின நாளே, அதாவது மே 9-ந் தேதியே, உலகத்துக்கு எச்சரிக்கை கொடுத்துவிட்டார்கள்.

இதுவரையில் நமக்கு வெற்றிதான். மறுநாள்தான் நம் யோக்கியதை வெளியாயிற்று.

மறுநாள் நம்முடைய செல்போனுக்கு ஒரு படம் வந்தது. மெரினா கடற்கரை, மணலில் இரண்டு படகுகள், கடலுக்கு மேலே ஆகாயம் முழுவதும் பச்சைத் திரை தொங்கவிட்டாற்போல வெளிச்சம். "நேற்று இரவு சென்னையில்" என்று கீழே எழுதியிருந்தது. பார்த்தவுடனே நமக்கு உண்டான சந்தோஷத்தில், அதைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டோம். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் அடையாற்றிலிருக்கும் நமது சிநேகிதர். அவர் வீட்டுப் பெண் பதினோராம் வகுப்பில் படிக்கின்றவள். சாயந்திரம் அங்கே போனபோது அந்தப் பெண் நம்மிடம் வந்து, "பெரியப்பா, மெரினாவில் நின்றால் கடல் எந்தப் பக்கம் இருக்கிறது?" என்று கேட்டாள்.

"கிழக்கே" என்றோம்.

"வடதுருவத்து வெளிச்சம் எந்தப் பக்கம் தெரியவேண்டும்?"

தோழர்களே! அதற்கு நமக்குப் பதில் சொல்லத் தெரியாமல் இல்லை. வாயைத் திறக்கத்தான் முடியவில்லை. வடக்கே தெரியவேண்டிய வெளிச்சம் கிழக்கே கடலுக்கு மேல் எப்படி வரும்? முதல் நாள் காலையில் பஞ்சாங்கத்தை நம்பியவர்களைப் பார்த்துச் சிரித்த நாம், மறுநாள் ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஒரு படத்தை நம்பிவிட்டோம். "சாஸ்திரத்தில் இருக்கிறது" என்பதற்குப் பதிலாக "போட்டோவில் இருக்கிறது" என்று வைத்துக்கொண்டோமே தவிர, புத்தியை உபயோகிப்பதில் நமக்கும் அந்தக் கூட்டத்துக்கும் அன்று என்ன வித்தியாசம்?

நிற்க, அந்த வெளிச்சம் என்ன என்பதை முதலில் பார்ப்போம். சூரியன் நமக்கு 15 கோடிக் கிலோமீட்டர் தூரத்திலிருக்கும் ஒரு கொதிக்கும் வாயு உருண்டை. அது எப்போதும் மின்சாரம் ஏறிய சிறு துகள்களை நாலாபக்கமும் வீசிக்கொண்டே இருக்கின்றது. சில சமயம் சூரியனிலுள்ள கரும்புள்ளிக் கூட்டங்களின் பக்கமிருந்து பெருங் குமுறலாகக் கிளம்பி, ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் பூமிக்கு வந்து சேர்ந்துவிடுகின்றது. 2024 மே மாதத்தில் அப்படிக் குமுறிய கரும்புள்ளிக் கூட்டம், பூமியைப்போல் சுமார் பதினைந்து உருண்டைகளை வரிசையாக வைத்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் இருந்தது. பூமியோ ஒரு பெரிய காந்தம். அந்தக் காந்தம் வருகின்ற துகள்களை நம் தலைமேல் விழவிடாமல் தடுத்து, துருவங்களின் பக்கமாகத் திருப்பிவிடுகின்றது. அங்கே அவை உயரத்திலுள்ள காற்றில் மோதும்போது அந்தக் காற்று ஒளிர்கின்றது. இவ்வளவுதான் சங்கதி. தேவர்களும் இல்லை, அசுரர்களும் இல்லை.

சுமார் 100 முதல் 200 கிலோமீட்டர் உயரத்திலுள்ள பிராணவாயு பச்சையாக ஒளிர்கின்றது. 200 கிலோமீட்டருக்கு மேலே உள்ளது சிவப்பாக ஒளிர்கின்றது. ஒரே வாயுவுக்கு ஏன் இரண்டு நிறம் என்று கேட்பீர்கள். அடிபட்ட பிராணவாயு அணு பச்சை ஒளியை ஒரு விநாடிக்குள்ளாகவே விட்டுவிடும். சிவப்பை விடுவதற்கோ, அது இரண்டு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவான நேரம் யாராலும் இடிபடாமல் நிற்கவேண்டும். தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவில் ஒருவர் இரண்டு நிமிஷம் இடிபடாமல் நிற்க முடியுமா? முடியாது. விடியற்காலையில் பெசன்ட் நகர் மணலில் நிற்கலாம். அப்படியே, காற்று நெருக்கமாயிருக்கும் கீழ்மட்டத்தில் சிவப்புக்கு இடமில்லை. காற்று மிகவும் மெலிந்த உயரத்தில்தான் அதற்கு வழி உண்டு.

இப்போது அந்தப் பெண் நம்மை உட்காரவைத்துப் போட்ட கணக்கைச் சொல்லுகின்றோம். பூமி உருண்டையாதலால், 100 கிலோமீட்டர் உயரத்திலிருக்கும் வெளிச்சம் சுமார் 1,100 கிலோமீட்டர் தூரம் வரையில்தான் தெரியும். அதற்கப்பால் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும். ஆகவே அந்தப் பச்சை வெளிச்சம் சென்னையில் கொஞ்சமாவது தெரியவேண்டுமானால், அது நாகபுரிப் பக்கத்துக்காவது இறங்கி வந்திருக்கவேண்டும். அப்படியானால் நாகபுரிக்காரர்களுக்கு அது உச்சந்தலைக்கு மேலேயே எரிந்திருக்கும். அங்கே ஒருவரும் பார்க்காததைச் சென்னையில் ஒரு போட்டோ மட்டும் பார்த்துவிட்டதா? மேலும், நம் தென்கோடிக்குப் பக்கத்தில்தான் பூமியின் காந்த நடுக்கோடு போகின்றது. அதற்குப் பக்கத்தில் என்பதற்காகவே திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள தும்பாவை ராக்கெட் விடுவதற்குத் தேர்ந்தெடுத்தார்கள். துருவத்துக்கு என்று திருப்பிவிடப்பட்ட வெளிச்சத்துக்கு நாம் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றோம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

அப்படியானால் இந்த நாட்டில் அதை எவரும் உண்மையாகப் படம் பிடிக்கவில்லையா என்றால், பிடித்திருக்கின்றார்கள். லடாக்கில் ஹான்லே என்று ஓர் இடம். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,500 மீட்டர் உயரம். இராத்திரி விளக்கு வெளிச்சம் இல்லாதபடி பாதுகாக்கவேண்டுமென்று 2022-ல் ஏற்பாடு செய்யப்பட்ட பிரதேசம். அங்கே இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வானாராய்ச்சி நிலையம் இருக்கின்றது. அதிலே ஆகாயம் முழுவதையும் ஒரே படத்தில் பிடிக்கும் காமிரா ஒன்று இரவு முழுதும் தானாகவே படம் எடுத்துக்கொண்டிருக்கின்றது. 2023 ஏப்ரல் 23-ந் தேதி இரவிலும், அட்சய திருதியையன்று இரவிலும், வடக்கு அடிவானத்தில் ஆழ்ந்த சிவப்பு வெளிச்சம் அந்தக் காமிராவில் பதிந்திருக்கின்றது. பச்சை இல்லை, சிவப்பு மட்டுமே. ஏனென்றால், வெகு வடக்கே உண்டான வெளிச்சத்தில் உயரத்திலுள்ள சிவப்புப் பகுதி மட்டும் பூமியின் வளைவுக்கு மேலே தலையை நீட்டியது. ஹான்லேயிலிருப்பவர்களுக்கே அடிவானத்தில்தான் தெரிந்தது என்றால், அதற்குத் தெற்கே சுமார் 2,200 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நமக்கு மெரினாவில் எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு தோழர், "சிவப்பு வெளிச்சம் கண்ணுக்கு மங்கலாயும் காமிராவில் பளிச்சென்றும் தெரிகின்றதே, அப்படியானால் காமிராவும் பொய் சொல்லுகின்றது என்றுதானே அர்த்தம்?" என்று முன்னொரு கூட்டத்தில் கேட்டார். நல்ல கேள்வி. தூறல் போடும்போது கையை நீட்டினால் கை நனைவதோடு சரி. அதே தூறலில் குடத்தை வைத்தால் விடிவதற்குள் தண்ணீர் சேர்ந்திருக்கும். குடம் பொய்யா சொல்லிற்று? கண், கையைப்போல, ஒரு விநாடியில் ஒரு சிறு பகுதி நேரத்து வெளிச்சத்தையே அது ஒரு பார்வையாகக் கொள்ளும். காமிரா, குடத்தைப்போல, பத்து விநாடி, இருபது விநாடி திறந்து வைத்தால் அவ்வளவையும் சேர்த்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, இருட்டில் வேலை செய்யும் நம் கண்ணுறுப்புக்கு நிறம் தெரியாது. சிவப்பிலோ அதற்குப் பார்வையே மிகக் குறைவு. ஆகவே காமிரா கண்ணைவிட அதிகம் பார்க்கலாம். ஆனால் எத்தனை விநாடி திறந்து வைத்தோம் என்பதைச் சொன்னால்தான் அது சாட்சி. சொல்லாவிட்டால் வெறும் அலங்காரம்.

இந்த உண்மையை முதலிலேயே உணர்ந்தவர்கள் நார்வே தேசத்தில் வேலை செய்தவர்கள். அங்கே 1892-ல் மார்ட்டின் பிரெண்டல் என்கின்ற ஜெர்மானியர்தான் இந்த வெளிச்சத்தை முதன்முதல் போட்டோவில் பிடித்தார். ஆனால் ஒரு படத்தைக் கொண்டு அந்த வெளிச்சம் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றது என்று சொல்ல முடியவில்லை. 1910-லிருந்து கார்ல் ஸ்டெர்மர் என்கின்ற நார்வேக் கணித நிபுணர் ஒரு வேலை செய்தார். பல கிலோமீட்டர் தள்ளி இரண்டு இடங்களில் இரண்டு காமிராக்களை வைத்து, டெலிபோனில் பேசிக்கொண்டு, ஒரே கணத்தில் ஒரே வெளிச்சத்தை இருவரும் படம் பிடித்தார்கள். இரண்டு படத்திலும் பின்னாலிருக்கும் நட்சத்திரங்களுக்கு நேரே அந்த வெளிச்சம் எவ்வளவு விலகித் தெரிகின்றது என்று அளந்து, உயரத்தைக் கணக்கிட்டார். இப்படி ஆயிரக்கணக்கான படங்களை எடுத்துத்தான், அந்த வெளிச்சத்தின் கீழ்விளிம்பு சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கின்றதென்று நிலைநாட்டினார். ஒரு சாட்சியை நம்பாமல் இரண்டு சாட்சிகளை ஒத்துப் பார்ப்பதுதான் அறிவின் வழி என்பதற்கு இதைவிட என்ன உதாரணம் வேண்டும்?

இந்த ஊருக்கும் அந்தச் சிவப்பு வெளிச்சப் படத்துக்கும் சம்பந்தம் உண்டென்று ஆரம்பத்தில் சொன்னோமல்லவா? அதைச் சொல்லுகின்றோம். 1786-ல் எழும்பூரில் வில்லியம் பெட்ரி என்கின்ற கம்பெனி உத்தியோகஸ்தர் தமது சொந்தச் செலவில் ஒரு வானாராய்ச்சிக் கூடம் வைத்தார். கம்பெனியார் அதை ஏற்று, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் கட்டினார்கள். அதன் நடுவில் கருவியைத் தாங்க நாட்டிய பெரிய கருங்கல் தூண், இங்கிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலிருக்கும் வானிலை அலுவலக வளவில் இருக்கின்றது. அதிலே தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கின்றது. 1876 முதல் 1878 வரையில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான ஏழை மக்கள் பஞ்சத்தில் செத்தார்கள். அதன் பிறகு, சூரியனுக்கும் மழைக்கும் சம்பந்தம் உண்டா என்று பார்க்கவேண்டும் என்கின்ற எண்ணம் வலுத்து, கொடைக்கானலில் 1899-ல் சூரிய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. நுங்கம்பாக்கத்து வேலை அங்கே போயிற்று. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சூரியனுடைய படங்கள் அங்கே சேர்ந்திருக்கின்றன. கொடைக்கானலின் வாரிசுதான் 1971-ல் தனி ஸ்தாபனமாக ஏற்பட்ட இந்திய வானியற்பியல் நிறுவனம். அதனுடைய பிள்ளைதான் ஹான்லே. ஆகவே ஹான்லேயில் பிடித்த படம், நுங்கம்பாக்கத்துக் கருங்கல் தூணின் கொள்ளுப் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம்.

அது மாத்திரமா? ஹான்லேயில் நிற்கும் பெரிய தொலைநோக்கிக்கு இமாலயச் சந்திரா தொலைநோக்கி என்று பெயர். மயிலாப்பூரில் வளர்ந்து, திருவல்லிக்கேணியில் பள்ளியிலும், மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1983-ல் நோபல் பரிசு வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அது. சூரியனையே பார்த்துக்கொண்டிருப்பதற்காக 2023 செப்டம்பர் 2-ந் தேதி அனுப்பப்பட்டு, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று அந்த மே மாதத்துப் புயலை அளந்த ஆதித்யா-எல்1 என்னும் விண்கலத்தின் திட்ட இயக்குநராயிருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகார் ஷாஜி என்னும் பெண்மணி. பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட நாட்டில், சூரியனுக்குக் காவல் போட்டது ஒரு பெண். இதற்கு எந்த நட்சத்திரப் பொருத்தம் பார்த்தார்கள்?

சரி, இதையெல்லாம் தெரிந்து என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் உண்டு, தெரியாவிட்டால் நஷ்டமும் உண்டு. 1989 மார்ச் 13-ந் தேதி இப்படி ஒரு புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் சுமார் 60 இலட்சம் பேருக்கு ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் மின்சாரம் நின்றுபோயிற்று. 2024-ல் அமெரிக்காவில் விண்கலங்களின் வழிகாட்டுதலை நம்பி விதைக்கும் டிராக்டர்கள் வயலில் வழி தெரியாமல் நின்றன. காரணம் தெரிந்தவனுக்கு இது ஜாக்கிரதையாயிருக்கவேண்டிய காரியம். காரணம் தெரியாதவனுக்கோ சகுனம். 1938 ஜனவரியில் ஐரோப்பா முழுவதும் ஆகாயம் சிவந்தபோது, எங்கோ ஊர் பற்றி எரிகின்றதென்று சிலர் ஓடினார்கள்; முன்னமே சொல்லப்பட்ட தெய்வ அடையாளம் என்று சிலர் முழங்காலிட்டார்கள். மறுவருஷம் யுத்தம் வந்தவுடன், பார்த்தீர்களா என்றார்கள். யுத்தத்தைக் கொண்டுவந்தவர்கள் மனிதர்கள். ஆகாயத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டால் அந்த மனிதர்கள் தப்பித்துக்கொள்ளுகின்றார்கள். சகுனத்தால் வரும் பெருங்கெடுதி இதுதான்.

நம் ஊரிலேயே ஒரு சம்பவம் நடந்தது. 2019 ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் இரவு பெசன்ட் நகர், திருவான்மியூர்க் கரைகளில் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. ஜனங்கள் நூற்றுக்கணக்கில் போய்ப் பார்த்தார்கள், படமும் பிடித்தார்கள். அந்தப் படங்கள் உண்மை. ஏனென்றால், தனித்தனியாகப் பலர், பல இடங்களிலிருந்து, ஒரே நேரத்தில் எடுத்தார்கள், ஒன்றோடொன்று ஒத்தன. காரணமும் தெரிந்தது. நாக்டிலூகா என்னும் மிகச் சிறிய கடலுயிர் பெருகியிருந்தது; அலை அடித்து அது கலங்கும்போது ஒளிவிடுகின்றது. பார்ப்பதற்கு அழகாயிருந்தாலும், அது அளவுக்கு மீறிப் பெருகினால் தண்ணீரில் பிராணவாயு குறைந்து மீன்களுக்குக் கேடு. அழகு என்று வியந்ததோடு நின்றவர்களுக்கு இந்தச் சங்கதி தெரியாது. ஏன் என்று கேட்டவர்களுக்குத் தெரிந்தது.

வடக்கே போகும் வசதியுள்ள தோழர்களுக்குச் சில வார்த்தை. காமிராவை முக்காலியில் அசையாமல் நிறுத்துங்கள். லென்சின் வாயை முழுதும் திறந்து வையுங்கள். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து, கையாலேயே தெளிவு செய்துகொள்ளுங்கள். வெளிச்சம் வேகமாய் அசைந்தால் ஐந்து விநாடி. மங்கலாய் நின்றால் பதினைந்து விநாடி திறந்து வையுங்கள். குளிரில் பாட்டரி சீக்கிரம் தளர்ந்துபோகுமாதலால், மாற்றுப் பாட்டரியைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், இடம், தேதி, மணி, திசை, எத்தனை விநாடி என்பவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டு இல்லாத படத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டலாமே தவிர, வேறு பிரயோஜனம் இல்லை.

போக வசதியில்லாதவர்கள் வருத்தப்படவேண்டியதில்லை. அந்தச் சிவப்பு வெளிச்சத்தை நாமும் நேரில் பார்த்ததில்லை. கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்து வளாகத்தில் 1988-லிருந்து கோளரங்கம் இருக்கின்றது. குழந்தைகளை அங்கே அழைத்துக்கொண்டு போங்கள். குழந்தைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். வாயை மூடு என்று மாத்திரம் சொல்லாதீர்கள். அடையாற்றுப் பெண்ணை அப்படிச் சொல்லி அடக்கியிருந்தால், நாம் இன்னமும் அந்தப் படத்தை நம்பிக்கொண்டிருப்போம்.

அன்று சாயந்திரமே நாம் அந்தப் பத்துப் பேருக்கும் "நாம் அனுப்பிய படம் பொய், விசாரிக்காமல் அனுப்பியது நமது பிசகு" என்று எழுதினோம். இருவர் மாத்திரம் பதில் எழுதினார்கள். மற்ற எட்டுப் பேர் அதற்குள் எத்தனை பேருக்கு அனுப்பினார்களோ நமக்குத் தெரியாது. பொய்யை அனுப்புவதற்கு ஒரு நொடி போதும். திருப்பி அழைப்பதற்கு ஆயுசு போதாது.

ஆகவே தோழர்களே! எங்கே எடுத்தது, எப்போது எடுத்தது, எந்தத் திசையில் எடுத்தது, வேறு யார் பார்த்தார்கள் என்கின்ற நான்கு கேள்விகளையும் இனிமேல் உங்களுக்கு வரும் ஒவ்வொரு படத்தினிடத்திலும் கேளுங்கள். இன்று இங்கே நாம் சொன்னவற்றினிடத்திலும் கேளுங்கள். சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். படாவிட்டால் தள்ளிவிடுங்கள்.